அம்மாவின் மாவும் அப்பாவின் கல்லாவும்

கல்லூரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிய நாட்களில், ஏழெட்டு மாதம் ஒரு சர்வே கம்பெனிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு படிவம் நிரப்பினால் இவ்வளவு என்று கூலி. பெட்டிக்கடை, தையல் கடை, டீக்கடை, பூ கட்டுகிறவர், பழைய இரும்பு எடுக்கிறவர் என்று யாரையும் விடக்கூடாது. படிவம் பதினாறு பக்கம். போன மாதம் சரக்கு எவ்வளவுக்கு எடுத்தீர்கள், வாடகை எவ்வளவு, கரண்டு பில் எவ்வளவு, வண்டிக்கூலி எவ்வளவு, அப்புறம் விற்றது எவ்வளவு. வரவிலிருந்து செலவைக் கழித்து லாபத்தை நான்தான் எழுத வேண்டும். கழித்துப் பார்த்தால் பாதிக் கடைகள் நஷ்டத்தில் ஓடின. இருபது வருடமாக நஷ்டத்தில் ஓடுகிற கடையில் உட்கார்ந்துகொண்டு அண்ணாச்சி எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பார்.

ஒரு நாள் ராத்திரி அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு அம்மாவிடம் உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு நடையில்தான் அம்மா இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார். நாலாவது கேள்வியிலேயே, "இதெல்லாம் யாருடா எழுதி வச்சிருக்கா, போய்ப் படு" என்றார். சரி என்று படிவத்தை மூடிவிட்டுச் சும்மா கேட்டேன்: "எல்லாச் செலவும் போக மாசம் கையில என்னம்மா நிக்கும்?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு நிக்கும்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிறகு, "எங்க நிக்குது? உங்க அப்பா கடைக்கு வாங்கிட்டுப் போயிருவாக" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதுவும் ஊர்பேர் தெரியாத ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துத்தான் புரிந்தது.

முதல் வாக்கியத்தைப் பற்றி 2009-இல் ஒரு கட்டுரை வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, பொருளியலாளர் கிறிஸ்டோபர் உட்ரஃப் மூவரும் இலங்கையின் சிறுகடைக்காரர்களிடம் லாபத்தைப் பல விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். வரவு செலவைத் துருவித் துருவிக் கேட்டுக் கழித்து எடுப்பது ஒரு வழி. கணக்கு நோட்டைக் கொடுத்து தினமும் எழுதச் சொல்வது இன்னொரு வழி. "செலவெல்லாம் போக என்ன நின்றது" என்று நேரே கேட்பது மூன்றாவது வழி. நேரே கேட்பதே நம்பகமானது என்று முடித்தார்கள். இந்த மாதம் எடுத்த சரக்கு அடுத்த மாதம் விற்கும். இந்த மாதம் கொடுத்த கடன் தீபாவளிக்குத் திரும்பும். மாதத்தை வெட்டி எடுத்துக் கழித்தால் கணக்கு கோணத்தான் செய்யும். விற்பனையையும் கடைக்காரர்கள் சுமார் 30 சதவீதம் குறைத்தே சொல்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். கல்லாவில் என்ன நிற்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. என் பதினாறு பக்கத்துக்கு அந்த ஒரு கேள்வி போதும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் செருப்பாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வாக்கியத்தின் கதை நீளமானது. அதுவும் இதே மூவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

சுனாமிக்குச் சில மாதங்கள் கழித்து, 2005 ஏப்ரலில், களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில் செய்கிறவர்களைத் தேடிப் பிடித்தார்கள். கூலியாள் கிடையாது, முதலாளியே தொழிலாளி. நிலமும் கட்டடமும் நீங்கலாக முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. சுனாமி நேரடியாகத் தாக்காத 408 தொழில்கள் ஆய்வின் மையம். அதில் ஏறக்குறைய பாதி கடைகள்; மீதி மூங்கில் வேலை, பின்னல் வேலை, தையல், இடியாப்பமும் அப்பமும் சுடுவது, சைக்கிள் ரிப்பேர். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டுத் தொழில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அப்பாவுக்குத் திருச்சுழி ரோட்டில் சைக்கிள் கடை.

செய்தது எளிய காரியம். குலுக்கல் போட்டுச் சிலருக்கு 10,000 இலங்கை ரூபாய், சிலருக்கு 20,000. திருப்பித் தர வேண்டாம். சீட்டு விழுந்தவர்களில் பாதிப் பேருக்கு ரொக்கம். மற்றவர்களுக்கு அவர்கள் கேட்ட சரக்கையோ சாமானையோ கூடவே போய் வாங்கிக் கொடுத்தார்கள். சீட்டு விழாதவர்களுக்கு எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் போய்ப் பார்த்து லாபம் கேட்டார்கள். பத்தாயிரம் என்பது அங்கே நடுத்தரமாக ஓடும் ஒரு சிறு தொழிலின் மூன்று மாத லாபம், ஆக விளையாட்டுக் காசும் இல்லை. குலுக்கலில் ஏன் நம்பிக்கை என்றால், பணம் பெற்றவர்கள் கெட்டிக்காரர்கள், பெறாதவர்கள் சோம்பேறிகள் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. சீட்டு விழுந்தவருக்கும் விழாதவருக்கும் சீட்டைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

போட்ட பணத்துக்கு மாதம் சுமார் ஐந்து சதவீதம் வருமானம் கிடைத்தது. நம் ஊரில் ஐந்து வட்டிக்கு வாங்கிக் கடை நடத்துகிறவர்களைப் பார்த்து, "எப்படித்தான் கட்டுகிறார்களோ" என்று வியந்திருக்கிறேன். அந்தச் சின்னக் கடைகளின் முதலுக்கு அப்படி ஒரு பசி. வங்கி வட்டியோடு ஒப்பிட்டால் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆனால் அந்த ஐந்து சதவீதம் சராசரிதான். பிரித்துப் பார்த்தால் லாபம் முழுக்க ஆண்கள் பக்கம். பெண்கள் நடத்திய தொழில்களில் பணம் போட்டதற்கு லாபம் பூஜ்யம். ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அப்படியே: பணம் பெற்ற ஆண்களின் தொழில் அதிகம் நிலைத்திருந்தது, லாபமும் கூடுதலாக இருந்தது, பெண்களுக்கு ஒன்றும் இல்லை. கானாவில் 2014-இல் வெளியான இன்னொரு சோதனையிலும் பெண்களுக்கு ரொக்கமாகக் கொடுத்தது தொழிலில் நிற்கவில்லை. சாமானாக வாங்கிக் கொடுத்தபோது கொஞ்சம் நின்றது, அதுவும் ஏற்கெனவே ஓரளவு பெரிதாக நடத்திய பெண்களுக்கு மட்டும்.

இந்த முடிவை வைத்துக்கொண்டு என்னென்னவோ பேசினார்கள். பெண்கள் லாபமில்லாத தொழில்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணிந்து இறங்குவதில்லை, வீட்டுவேலை விடுவதில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். மகளிர் குழுக்கள் மூலம் கடன் கொடுக்கும் திட்டங்களுக்கோ இது அடிமடியில் கைவைக்கிற செய்தி. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கியதிலிருந்து குழு இல்லாத ஊர் இல்லை. பெண்ணிடம் கொடுத்தால் பணம் வீணாகாது என்பதுதானே அதன் அடிப்படை?

2019-இல் எரிக்கா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே உள்ளிட்ட நால்வர் இந்தியா, இலங்கை, கானா மூன்று நாட்டுத் தரவுகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்தப் பெண்ணின் வீட்டில் வேறு யாராவது தொழில் நடத்துகிறார்களா?

அவ்வளவுதான், புதிர் அவிழ்ந்தது. வீட்டில் தன் தொழில் ஒன்றே தொழில் என்று இருக்கும் பெண்ணின் கையில் பணம் ஆணின் கையில் வளர்வதைப் போலவே வளர்ந்தது. கணவரும் கடை வைத்திருந்தால் பணம் அங்கே போனது. குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பார்த்தால், பணம் யார் பெயரில் வந்தாலும் கூடிய அளவில் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. பூஜ்யம் என்று தெரிந்ததற்குக் காரணம், லாபம் வந்து விழுந்த கல்லாவை யாரும் திறந்து பார்க்காததுதான். பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் பத்து வருடம் எடுத்துக்கொண்ட விடையை எங்கள் அம்மா மாவுக் குண்டானைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார் என்று எழுத ஆசைதான். நியாயமாகச் சொன்னால், அம்மா சொன்னது ஒரு வீட்டுக் கதை. அது மூன்று நாட்டுக் கதை என்று தெரிய அந்தப் பத்து வருடம் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மா டில்டிங் கிரைண்டர் வாங்க வாரத் தவணையில் பத்தாயிரம் கடன் எடுத்தார். பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். பணம் கையில் வந்த அடுத்த வாரமே முதல் தவணை. கிரைண்டர் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். முதல் மூன்று தவணையையும் வாங்கிய கடனிலிருந்தே கட்டினார். கிரைண்டருக்குப் பணம் இடித்தது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு டயர், டியூப் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம்தான் சைக்கிள் கடைக்கு சீசன். பஞ்சர் ஒட்ட, ரிம் கோட்டம் எடுக்க, செயின் மாற்ற என்று வரிசை நிற்கும். டயர் போட்டால் இன்றைக்கே காசு. கிரைண்டர் சம்பாதிக்க மாதங்கள் ஆகும். தவணையோ வெள்ளிக்கிழமை. அந்தப் பணத்தை டயருக்குக் கொடுத்தது அம்மா யோசித்து எடுத்த முடிவு, அப்பா பிடுங்கிக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. வாரத் தவணை கட்டுகிறவர் வாரத்துக்குள் திரும்புகிற இடத்தில்தானே பணத்தைப் போடுவார்? கடைசியில் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்தான் வாங்கினார். ஐந்து வருடம் அதிலேயே தெருவுக்கெல்லாம் மாவு அரைத்தார்.

கொல்கத்தாவில் இதையே சோதித்திருக்கிறார்கள். அங்கே ஒரு நுண்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கி இரண்டே வாரத்தில் முதல் தவணை கட்ட வேண்டும். சில குழுக்களுக்கு மட்டும், குலுக்கல் போட்டு, இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். 2013-இல் வந்த முடிவின்படி, அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் முதலீடு செய்தார்கள். மூன்று வருடம் கழித்தும் அவர்களுடைய லாபம் கூடுதலாக இருந்தது. கடனைக் கட்டாமல் விட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் அதிகம். துணிந்தால் சிலர் விழத்தான் செய்வார்கள். கடன் கொடுக்கிறவருக்கு வசூல்தான் முக்கியம், வாங்குகிறவருக்கு வளர்ச்சி. இரண்டும் ஒரே திசையில் இழுப்பதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் வேறு பார்க்கவில்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாட்டு நுண்கடன் சோதனைகள் 2015-இல் ஒரே இதழில் வந்தன. கடன் யாருடைய வாழ்க்கையையும் தலைகீழாக மாற்றவில்லை என்பதுதான் ஆறிலும் பொதுவான செய்தி. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் பயந்து வாங்கிய கடன் அப்படித்தான் இருக்கும்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நானும் ஒரு மூன்று நாள் தொழில்முனைவோர் முகாமில் உட்கார்ந்திருக்கிறேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. வகுப்பு நடத்திய சாருக்கு 'இரட்டைப் பதிவு முறை' மேல் தீராத காதல். பக்கத்தில் இருந்த முறுக்குக் கடை அக்கா மூன்றாம் நாள் என்னிடம், "தம்பி, பற்று எந்தப் பக்கம்?" என்று கேட்டார். டொமினிகன் குடியரசில் இதே போன்ற கணக்குப் பாடத்தையும், இரண்டு மூன்று எளிய விதிகளை மட்டும் சொல்லிக் கொடுப்பதையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். கடைக் காசு ஒரு டிராயரில், வீட்டுக் காசு இன்னொரு டிராயரில், மாற்றிக்கொண்டால் எழுதி வை, இந்த மாதிரி. கணக்குப் பாடத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. டிராயர் விதியால் நடந்தது. டோகோவின் லோமே நகரத்தில் 1,500 சிறு தொழில்காரர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான வணிகப் பாடம், ஒரு கூட்டத்துக்கு உளவியலாளர்கள் வகுத்த 'தானாக முன்வந்து செய்' பயிற்சி, மூன்றாவது கூட்டத்துக்கு எதுவுமில்லை என்று செய்தார்கள். உளவியல் பயிற்சி எடுத்தவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பாடத்துக்குக் கிடைத்த 11 சதவீதம் தற்செயலாகக்கூட இருந்திருக்கலாம் என்னும் அளவில்தான் இருந்தது. அம்மாவிடம் டிராயர் விதியைச் சொன்னேன். "மாவுக் காசு ஹார்லிக்ஸ் பாட்டில்ல தனியாத்தான் இருக்கு. பாட்டிலுக்கு மூடி இருக்கு, பூட்டு இல்ல" என்றார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சியால்கோட் கதை. பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கும் ஊர், காலங்காலமாகக் கால்பந்து செய்கிறது. 2014 உலகக் கோப்பையின் பிரசூக்கா பந்துகூட அங்கிருந்து போனதுதான். வழக்கமான பந்தில் இருபது அறுகோணத் துண்டுகள், பன்னிரண்டு ஐங்கோணத் துண்டுகள். துணியை ஒட்டிய ரெக்சின் ஷீட்டின் மேல் அச்சை வைத்து அழுத்தி வெட்டுவார்கள். அறுகோணம் தேன்கூடு மாதிரி ஒட்டி உட்காரும், சேதாரம் குறைவு. ஐங்கோணத்தை எப்படி அடுக்கினாலும் இடையில் ரெக்சின் வீணாகும். லாகூரிலும் அமெரிக்காவிலும் இருந்த பொருளியலாளர்கள் சிலர் இதைக் கவனித்து, ஐங்கோணங்களை வேறு மாதிரி அடுக்கி வெட்டும் அச்சு ஒன்றை வடிவமைத்தார்கள். ஒரு ஷீட்டில் 250 ஐங்கோணம் வந்த இடத்தில் 272 வரும். 2012-இல் குலுக்கல் போட்டு 35 ஆலைகளுக்கு அச்சை இலவசமாகவே கொடுத்தார்கள்.

பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தால் அந்த முப்பத்தைந்தில் ஐந்து ஆலைகளே பயன்படுத்தின. மற்ற இடங்களில் அச்சு மூலையில் கிடந்தது.

பழமைவாதம், படிப்பறிவின்மை என்று முடிவுகட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் போகாமல் நின்று கேட்டார்கள். வெட்டுகிறவருக்குத் துண்டுக் கூலி. ரெக்சின் மிச்சமானால் லாபம் முதலாளிக்கு. புது அச்சு கைக்குப் பழக நாளாகும், அதுவரை வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும். அதனால் வெட்டுகிறவர் முதலாளியிடம் போய், "இது சரிப்படாது சார்" என்றார். வெட்டுவதைப் பற்றி முதலாளிக்கு வெட்டுகிறவரைவிடவா தெரியும்? அவரும் நம்பினார்.

அடுத்து அச்சு கொடுத்த ஆலைகளில் பாதிக்கு, ஒரு வெட்டுக்காரருக்கும், துண்டுகளில் படம் அச்சிடுகிற ஒருவருக்கும், புது முறையைச் செய்து காட்டினால் ஒரு மாதச் சம்பளம் அளவு பரிசு என்று அறிவித்தார்கள். அச்சைப் பயன்படுத்தும் ஆலைகள் கணிசமாகக் கூடின. முதலாளிக்குக் கிடைக்கப்போகும் லாபத்தோடு ஒப்பிட்டால் அந்த ஒரு மாதச் சம்பளம் ஒன்றுமேயில்லை. பெரும்பாலான முதலாளிகளுக்கு அதைத் தாங்களே கொடுக்கத் தோன்றவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து குலுக்கல் போட வேண்டியிருந்தது.

கென்யாவிலும் ஓர் அழகான சின்ன ஆய்வு உண்டு. சில்லறை இல்லாததால் சிறுகடைகள் எவ்வளவு வியாபாரத்தை இழக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். லாபத்தில் ஐந்து முதல் எட்டு சதவீதம். வாராவாரம் போய், "இந்த வாரம் சில்லறை இல்லாமல் எத்தனை வியாபாரம் போச்சு" என்று கேட்டது மட்டுமே போதுமாக இருந்தது, கடைக்காரர்கள் சில்லறை மாற்றி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இதைப் படித்ததும் எனக்குப் பழைய பதினாறு பக்கப் படிவம் ஞாபகம் வந்தது. அதில் சில்லறை பற்றிக் கேள்வியே இல்லை. கடையில் நிற்கும்போது ஐந்நூறு ரூபாய் நோட்டோடு வந்தவர்களை அண்ணாச்சி திருப்பி அனுப்பியதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்!

இப்போது நான் ஒரு வரி ஆலோசகரிடம் கணக்கு எழுதுகிறேன். சிறு தொழில் வளர்ச்சி என்று யார் பேசினாலும், அந்த வீட்டில் எத்தனை கல்லா இருக்கிறது, வேலை செய்கிறவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளும் தானாக வாயில் வந்துவிடுகின்றன. வாடிக்கையாளர்களுக்குப் பிடிப்பதில்லை. "வரியைப் பாருங்க தம்பி" என்பார்கள்.

அப்பா கடையை மூடி ஏழு வருடம் ஆகிறது. தெருவில் சைக்கிளே இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் அரசாங்கம் கொடுக்கிறது, ரிப்பேர் வந்தால் அப்படியே போட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு ஒருவழியாக டில்டிங் கிரைண்டர் வந்துவிட்டது. கல் தேய்ந்து ஒருமுறை கொத்தியும் ஆயிற்று. காலையில் ஐம்பது பாக்கெட் மாவை டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்து அப்பாதான் கடைகளுக்குப் போடுகிறார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பழைய கேள்வியைக் கேட்டேன். "எல்லாம் போகக் கையில என்னம்மா நிக்குது?"

"பதினாலு நிக்கும்" என்றார். அப்புறம் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இப்ப உங்க அப்பாவுக்கு நான் பாக்கெட்டுக்கு ஒரு ரூவா கூலி குடுக்குறேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட லேட்டாப் போனதில்ல" என்றார்.

உள்ளேயிருந்து அப்பா சத்தம் கொடுத்தார்: "மார்கழி மாசக் கூலி இன்னும் வரலைனு அவன்ட்ட சொல்லு."